கெமோபாலிடெக்டமி: வழக்கொழிந்த ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

சொற்களும் உயிர்களைப் போலப் பிறந்து, வளர்ந்து, மறையும் இயல்பின. இலக்கியச் சொல்லொன்று வழக்கொழியுமாயின் உரையாசிரியர் அதற்குப் பொருள் விரித்து வைப்பர். நிகண்டுகள் அதனைத் தம்மகத்தே காத்து வைக்கும். விஞ்ஞானச் சொல்லுக்கு இப்பேறு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அது வழக்கொழியும்போது தன் வரலாற்றையும் உடன்கொண்டு மறைந்துவிடுகின்றது. பின்வருவோர் முடிந்த வெற்றியை மட்டும் அறிவர். அவ்வெற்றிக்கு முன் நிகழ்ந்த தேடலையும் தடுமாற்றத்தையும் அறியார்.

அங்ஙனம் மறைந்த சொற்களுள் ஒன்று ‘கெமோபாலிடெக்டமி’ என்பது. கைகால் நடுக்கமும் உடல் இறுக்கமும் உற்ற நோயாளருக்குச் செய்யப்பட்ட ஒரு மூளைச் சத்திரசிகிச்சையின் பெயர் அது. 1955ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரையின் தலைப்பில் அச்சொல் இடம்பெற்றது. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் மருத்துவர்தம் நாவினின்றும் அது நீங்கிற்று. இன்று மருத்துவ மாணவர் பலர் அதனைக் கேட்டும் அறியார். எனினும், ஒரு கலைச்சொல் எவ்வாறு தோன்றுகின்றது, எதனால் வீழ்கின்றது, வீழ்ந்த பின்னும் எதனை விட்டுச் செல்கின்றது என்பவற்றை அறிய விழைவார்க்கு இச்சொல்லைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

சொற்பொருள்

இச்சொல் மூன்று உறுப்புக்களால் ஆயது. ‘கெமோ’ என்பது இரசாயனப் பொருளைக் குறிக்கும். ‘பாலிட்’ என்பது மூளையின் ஆழத்திலே அமைந்த ‘குளோபஸ் பாலிடஸ்’ என்னும் பகுதியின் சுருக்கம். இலத்தீன் மொழியில் அதற்கு ‘வெளிறிய உருண்டை’ என்பது பொருள். அயலிலுள்ள பகுதிகளை நோக்க அது நிறம் வெளிறித் தோன்றுதலின் பழைய உடற்கூற்றறிஞர் அப்பெயரை இட்டனர். தமிழில் அதனை ‘வெளிர்கோளம்’ எனலாம். ‘எக்டமி’ என்பது வெட்டி அகற்றுதலைக் குறிக்கும் கிரேக்க வழிப்பட்ட ஈறு. ஆகவே, உறுப்புறுப்பாகப் பெயர்த்தால் இச்சொல் ‘இரசாயன முறையால் வெளிர்கோளத்தை அகற்றுதல்’ எனப் பொருள்படும்.

பொருள் தெளிவாகவே உள்ளது. ஆனால் அச்சிகிச்சையில் உண்மையில் நிகழ்ந்தது யாது எனக் காணுமிடத்து, எதுவும் அகற்றப்படவில்லை என்பதும், சிறந்த பயன் விளைந்த இடங்களிற் சில வெளிர்கோளத்திற்கே உரியன அல்ல என்பதும் புலனாகும். பெயர் ஒன்று கூற, மூளை வேறொன்று கூறிற்று. அம்முரண் வெளிப்பட்ட வரலாறே இங்குக் கூறப்படுவது.

நோயும் அதன் பெயரும்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் ‘நடுக்கவாதம்’ பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அதில் அவர் ஆறு நோயாளரின் நிலையை விரித்துரைத்தார். ஓய்ந்திருக்கும் கை நடுங்குதல், உடல் முன்நோக்கிக் குனிதல், நடை சிறுசிறு அடியாய் விரைந்து ஓட்டமாய் மாறுதல் ஆகியவற்றை அவர் கூர்ந்து நோக்கிப் பதிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு நரம்பியலறிஞர் ஷார்க்கோ, இந்நோயுற்ற அனைவரும் நடுங்குவதில்லை என்பதையும், இஃது உண்மையான வாதமன்று என்பதையும் காட்டி, ‘நடுக்கவாதம்’ என்னும் பெயர் பொருந்தாதெனக் கருதிப் பார்க்கின்சன் நோய் என்னும் பெயரை வழங்கினார். இந்நோயின் வரலாறே இவ்வாறு ஒரு பெயர்த்திருத்தத்தோடு தொடங்குவது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்தியாவின் ஆயுள்வேத மரபு ‘கம்பவாதம்’ என ஒரு நோயைக் கூறும். கம்பம் என்பது நடுக்கம். எனினும் நடுக்கங்கள் யாவும் ஒன்றல்ல. பாத்திரத்திலிருந்து தேநீரை ஊற்றும்போதும், எழுதுகோலைப் பிடிக்கும்போதும் மிகுந்து, கையை மடியில் வைத்தவுடன் அடங்கும் நடுக்கம் ஒருவகை. கை மடியில் ஓய்ந்திருக்கும்போது தோன்றி, அதே கை ஒரு தொழிலில் ஈடுபட்டவுடன் தணியும் நடுக்கம் மற்றொரு வகை. பார்க்கின்சன் நோய்க்குச் சிறப்பாக உரியது பின்னதே. நடுக்கத்தோடு தசையிறுக்கமும், அசைவின் மந்தமும் சேரும். முகம் உணர்ச்சி காட்டாது முகமூடி போலாகும்; எழுத்து வரவரச் சிறுத்துப்போகும்; குரல் தாழும்.

மூளையின் அடிப்பகுதியில் ‘சப்ஸ்டான்சியா நைக்ரா’ எனப்படும் கருநிறப் பகுதியொன்று உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமைன் என்னும் இரசாயனப் பொருளை உண்டாக்கி, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழ்ந்த கருத்திரள்களுக்கு அனுப்புகின்றன. அக்கலங்களிற் பெரும்பகுதி அழிந்த பின்னரே நோய்க்குறிகள் வெளிப்படுகின்றன. இவ்வுண்மை 1960ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. அதற்கு முன்னர்ச் சத்திரசிகிச்சை செய்தோர் நோயின் காரணத்தை அறியாமலே அதன் குறிகளோடு போரிட்டனர்.

கத்தி நுழைய அஞ்சிய இடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடுக்கத்தை நிறுத்த விரும்பிய மருத்துவர் மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியை வெட்டியகற்றினர். கட்டுக்கடங்காத அசைவுடைய ஒரு நோயாளிக்கு இங்கிலாந்தின் விக்டர் ஹோர்ஸ்லி இம்முறையைக் கையாண்டார். அசைவு நின்றது, ஆயினும் வலிமையும் குன்றிற்று. நடுக்கத்தைக் கொடுத்துப் பலவீனத்தை வாங்கிய வாணிகம் அது.

மூளையின் ஆழத்திலுள்ள கருத்திரள்களைத் தொடுவதற்கோ பலரும் அஞ்சினர். உணர்வின் இருப்பிடம் அங்கேதான் உள்ளதென்றும், அதனைத் தீண்டினால் நோயாளி மீளா மயக்கத்தில் ஆழ்வாரென்றும் அமெரிக்காவின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர் வோல்டர் டான்டி கருதினார். 1939ஆம் ஆண்டில் ரசல் மையர்ஸ் என்பார் துணிந்து அப்பகுதியிற் சத்திரசிகிச்சை செய்தார். நோயாளி உணர்விழக்கவில்லை, நடுக்கமோ குறைந்தது. அச்சம் பொய்த்தது. ஆயினும் மண்டையோட்டை அகலத் திறந்து மூளையின் ஊடே ஆழச் செல்லும் அம்முறையில் உயிரிழப்பு மிகுதியாயிருந்தமையால், அவர்தாமே அதனைப் பொதுவான சிகிச்சையாகப் பரிந்துரைக்கத் தயங்கினார்.

ஆழத்திற்குச் செல்லும் வழியை வேறொரு கருவி காட்டிற்று. 1908ஆம் ஆண்டில் ஹோர்ஸ்லியும் கிளார்க்கும் விலங்குகளின் மூளையில் ஒரு புள்ளியை மூன்று அளவுகளால் துணிந்து காணும் சட்டமொன்றைப் படைத்திருந்தனர். நில அளவையாளர் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றனையும் கொண்டு மலைச்சரிவில் ஓர் எல்லைக்கல்லின் இடத்தைத் துணிவதைப் போன்றது அது. 1947ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஸ்பீகல், வைசிஸ் என்னும் இருவர் அதனை மனித மூளைக்கு ஏற்ப அமைத்தனர். இம்முறை இன்று ‘இடங்குறிச் சத்திரசிகிச்சை’ என்று கூறத்தகும். மண்டையிற் சிறு துளையிட்டு, நுண்ணிய ஊசியைக் குறித்த புள்ளிவரை செலுத்துதல் இதனால் இயல்வதாயிற்று.

1952: அறுந்த நாடி

வழி திறந்தது, ஆனால் எந்தப் புள்ளியைத் தேடுவது என்னும் வினா எஞ்சி நின்றது. அவ்வினாவுக்கு ஒரு விடை எதிர்பாரா வகையிற் கிடைத்தது.

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூ யோர்க் நகரில் இர்விங் கூப்பர் என்னும் இளம் சத்திரசிகிச்சையாளர் பார்க்கின்சன் நோய்க்குறிகளுடைய ஒருவருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். மூளைத்தண்டிற்குச் செல்லும் இயக்க நரம்புகளில் ஒரு பகுதியை வெட்டுவதே அவர் கருதிய செயல். அதற்கு முன்னரே ‘முன் கோரொயிட் நாடி’ எனப்படும் சிறு இரத்தக்குழாய் அறுந்தது. குருதியை நிறுத்துவதற்கு அதனைக் கட்டுவதன்றி வேறு வழி இல்லை. கூப்பர் அதனைக் கட்டி, மேற்கொண்டு எதனையும் வெட்டாது சத்திரசிகிச்சையை இடையில் நிறுத்தினார்.

அந்நாடி கட்டப்பட்டால் உடலின் ஒரு புறம் செயலிழக்கும் என்று அஞ்சுவதே அக்காலத்து வழக்கம். நோயாளி கண்விழித்தபோது செயலிழப்பு இல்லை. நடுக்கமும் இறுக்கமும் நீங்கியிருந்தன.

தற்செயல் நிகழ்ச்சி எல்லார்க்கும் வாய்ப்பது. அதனை வினாவாக மாற்றுவோர் சிலரே. அந்நாடி எப்பகுதிகளுக்குக் குருதி வழங்குகின்றது என்று கூப்பர் ஆராய்ந்தார். அவற்றுள் வெளிர்கோளமும் ஒன்று. குருதி குன்றி வெளிர்கோளம் பழுதுற்றமையாலேயே நடுக்கம் நீங்கியிருத்தல் வேண்டும் என அவர் கருதினார். முதலில் வேறு நோயாளருக்கும் அந்நாடியையே வேண்டுமென்று கட்டினார். ஆயின் அந்நாடி குருதி வழங்கும் எல்லை ஆளுக்கு ஆள் வேறுபடுதலின் பயனும் வேறுபட்டது. கேடும் உயிரிழப்பும் நேர்ந்தன. நாடியைக் கட்டி வெளிர்கோளத்தைப் பட்டினியிடுவதை விட, வெளிர்கோளத்தையே நேராகச் சென்று அழித்தல் நன்று என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இவ்வாறு பிறந்ததே கெமோபாலிடெக்டமி.

சிகிச்சை நிகழ்ந்த முறை

இச்சிகிச்சையின்போது நோயாளி விழித்திருப்பார். மண்டையின் தோலில் மட்டும் மரத்துப்போகும் மருந்து செலுத்தப்படும். மூளைக்கு வலியுணர்வு இல்லையாதலால் அதுவே போதுமானது. எந்தப் பக்கத்துக் கை நடுங்குகின்றதோ அதற்கு எதிர்ப்புறத்து மண்டையோட்டில் ஒரு சிறு துளை இடப்படும். எளிய வழிகாட்டிக் கருவி ஒன்றின் துணையோடும், எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடும் மெல்லிய குழாயொன்று உட்செலுத்தப்படும்.

குழாயின் நுனி உரிய இடத்தை அடைந்ததாகக் கருதப்பட்டவுடன் முதலில் புரொக்கேயின் என்னும் மருந்து செலுத்தப்படும். அது நரம்புக் கலங்களைச் சிறிது நேரம் மட்டும் உறங்கச் செய்யும், அழிக்காது. அப்போது நோயாளியிடம் கையை உயர்த்துமாறும், விரல்களை மடக்கி நீட்டுமாறும் கூறுவர். நடுக்கம் நின்று, வலிமை குன்றாதிருப்பின் இடம் சரியானது. கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ இடம் தவறானது. குழாயை மாற்றி வைத்தல் வேண்டும். பின்னர்க் குழாயின் நுனியிற் சிறு பலூன் ஒன்றையும் பொருத்தி, அதனை ஊதி அப்பகுதியை மெல்ல அழுத்தியும் சோதித்தனர். சோதனை நிறைவு தந்தபின் தூய அற்ககோல் துளித்துளியாகச் செலுத்தப்படும். அது கலங்களை நிலையாக அழித்துவிடும்.

மீளத்தக்கதைச் செய்து பார்த்த பின்னரே மீளாததைச் செய்தல் இம்முறையின் உயிர்நாடி. இத்தகைய நெறியை ஜப்பான் நாட்டின் நரபயாஷியும் ஏறக்குறைய அதே காலத்திற் கண்டார். அவர் எண்ணெயிற் கலந்த புரொக்கேயினை வெளிர்கோளத்திற் செலுத்தி நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணித்தார். கடல்கள் இடையிட்ட இருவர் ஒரே புள்ளியை நோக்கிச் சென்றமை, அவ்விடத்தில் ஏதோ உண்மை இருந்ததென்பதைக் காட்டுகின்றது.

பெயர் பொய்த்த இடம்

கூப்பரின் நோயாளருள் மிகச் சிறந்த பயன் பெற்றிருந்த ஒருவர் பின்னர் இறந்தார். அவரது மூளையை அறுத்துப் பார்த்தபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. அற்ககோல் அழித்திருந்த பகுதி வெளிர்கோளம் அன்று. அதற்கு அயலிலுள்ள தலமஸ் என்னும் கருத்திரளின் ஒரு பகுதி. வெளிர்கோளத்தைத் தேடிச் சென்ற குழாய் இலக்குத் தவறி அதனினும் நல்லதோர் இலக்கை அடைந்திருந்தது.

திரவம் தான் விரும்பிய வழியே பரவும்; மூளையின் எல்லைக்கோடுகளை அது மதிப்பதில்லை. இடங்குறிச் சட்டத்தை நுண்ணிதாகக் கையாண்ட ஏனைய அறிஞர், கூப்பரின் முறை போதிய துல்லியம் அற்றதென முன்னரே குறை கூறியிருந்தனர். அக்குறை மெய்யானதே. ஆயினும் கூப்பர் தம் பெயரை விடாது பற்றி நின்றாரல்லர். பிணவறை காட்டிய உண்மையை ஏற்றுத் தலமஸையே தம் இலக்காகக் கொண்டார். சிகிச்சையின் பெயரும் ‘கெமோதலமெக்டமி’ என மாறிற்று. 1961ஆம் ஆண்டளவில் அற்ககோலையும் கைவிட்டுத் திரவ நைதரசனால் குளிரூட்டப்பட்ட நுண்குழாயைப் பயன்படுத்தினார். மிதமான குளிர் கலங்களைத் தற்காலிகமாக அடக்கும், கடுங்குளிர் அழிக்கும். சோதனையும் சிகிச்சையும் ஒரே கருவியில் அமைந்தன.

இவ்வாறு ‘பாலிட்’ என்னும் நடுவுறுப்பு இடம் தவறியது. ‘கெமோ’ என்னும் முன்னுறுப்பு முறை மாறியமையால் வீழ்ந்தது. ‘எக்டமி’ என்னும் பின்னுறுப்போ தொடக்கத்திலிருந்தே பொருந்தாதது. ஒரு சொல்லின் மூன்று உறுப்பும் பத்தாண்டுக்குள் பழுதுற்றன. நோயாளர் பலரின் கைகள் மட்டும் நடுக்கம் நீங்கி நின்றன.

அக்காலத்து நோயாளருள் உலகறிந்த ஒருவர் மார்கரெட் பேர்க்-வைட் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 1946ஆம் ஆண்டில் இராட்டையின் அருகே அமர்ந்திருந்த காந்தியடிகளை அவர் எடுத்த படம் இந்திய மக்களின் உள்ளத்தில் நிலைத்தது. 1950களின் தொடக்கத்தில் அவருடைய கை நடுங்கத் தொடங்கிற்று. 1959ஆம் ஆண்டில் கூப்பர் அவருக்குத் தலமஸ் சிகிச்சை செய்தார், நன்மை விளைந்தது. 1961ஆம் ஆண்டில் மற்றைப் புறத்திலும் சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவரது பேச்சுப் பழுதுற்றது. 1971ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மூளையின் இருபுறத்தும் அழிவை உண்டாக்கினால் குரலும் சொல்லும் கெடக்கூடும் என்பது இச்சிகிச்சையின் பெருங்குறையாயிருந்தது. அழித்ததை மீட்டல் எவராலும் இயலாதன்றோ.

இந்தியாவிலும் இலங்கையிலும்

1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், சீர்காழியிற் பிறந்த டொக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். அவரோடு வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் சேர்ந்து சென்னையை இடங்குறிச் சத்திரசிகிச்சையின் சிறந்த நிலையமாக்கினர். பெங்களூரில் ஆர். மார்த்தாண்ட வர்மா பார்க்கின்சன் நோய்க்கெனக் கண்ட சிகிச்சை ‘வர்மா முறை’ என்றே பெயர் பெற்றது.

இவர்களுள் டொக்டர் கனகாவின் வரலாறு மாணவியர் அறியத்தக்கது. 1932ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1968ஆம் ஆண்டில் நரம்புச் சத்திரசிகிச்சையிற் பட்டம் பெற்று, உலகின் முதற் பெண் நரம்புச் சத்திரசிகிச்சையாளர் சிலருள் ஒருவரானார். 1975ஆம் ஆண்டில் மூளையினுள் நிலையாக மின்வாயைப் பொருத்தும் முறையை இந்தியாவில் முதன்முதலாகக் கையாண்டவர் அவரே. 2018ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டில் டொக்டர் ஷெல்டன் கப்ரால் கொழும்புப் பொது வைத்தியசாலையில் நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்னர் மூளையைத் திறத்தல் என்பது இந்நாட்டு நோயாளருக்கு ஒரு தனித்துறையாகவே கிட்டவில்லை.

இவ்விடத்தே மற்றொன்றையும் மறைத்தலாகாது. நடுக்கத்திற்கு வழிகாட்டிய அதே ஊசி, கட்டுக்கடங்காத நடத்தை உடையோரின் மூளைக்கும் செலுத்தப்பட்டது. சென்னையிலும் உலகின் பிற நகரங்களிலும் அத்தகைய சிகிச்சைகள் செய்யப்பட்டு, ஆய்விதழ்களில் எழுதப்பட்டன. நடுங்கும் கையை உடையவர் தாமே சிகிச்சையை வேண்டலாம், வேண்டாமென மறுக்கலாம். தம் விருப்பத்தை எடுத்துரைக்க இயலாதவருக்காக முடிவு செய்வார் யார் என்னும் வினா பின்னர் உலகெங்கும் எழுந்தது. புள்ளி எங்குள்ளது என்பதை இடங்குறிக் கருவி காட்டும். அங்குச் செல்லலாமா என்பதை அது காட்டாது.

பூனைக்காலியும் சர்ப்பகந்தியும்

கெமோபாலிடெக்டமியையும் அதன் வழிவந்த சிகிச்சைகளையும் பெரிதும் ஒதுக்கியது கத்தியன்று, ஒரு மருந்து. அம்மருந்தின் வரலாற்றில் இந்தியச் செடிகள் இரண்டு இடம்பெறுகின்றன.

1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அதற்கு முன்னர் ஐரோப்பாவில் அவரையினத்துச் செடி ஒன்றிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அப்பொருள் எந்நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

1950களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறப்படும் ரெசர்ப்பின் என்னும் பொருளை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. பின்னர் எல்-டோபாவைக் கொடுத்தவுடன் அவை எழுந்து நடமாடின. 1960ஆம் ஆண்டில் வியன்னா நகரின் ஹோர்னிகீவிச்சும் அவர்தம் துணைவரும் பார்க்கின்சன் நோயால் இறந்தோர் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். டோபமைனையே மருந்தாகக் கொடுத்தாற் பயனில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள காப்பு அதனைத் தடுத்துவிடும். எல்-டோபா அத்தடையைக் கடந்து சென்று மூளையினுள்ளே டோபமைனாக மாறும். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பணியாற்றிய ஜோர்ஜ் கொட்சியாஸ், அம்மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பேரளவிற் கொடுத்துப் பெரும் பயன் கண்டார். அதன்பின் சத்திரசிகிச்சை அறைகள் பல வெறுமையாயின. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய வைத்திய மரபு பூனைக்காலியைப் பயன்படுத்தியமை பெருமைக்குரியதே. ஆயினும் அப்பெருமையை அளவறிந்து கொள்ளல் வேண்டும். விதையில் மருந்து இருந்தமை ஓர் உண்மை. அம்மருந்து மூளையின் எக்குறையை நிரப்புகின்றது என்பதை அறிந்தமை மற்றோர் உண்மை. அவ்விரண்டும் கூடுவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. மேலும், இன்றும் பூனைக்காலித் தூளை வைத்தியரிடம் கூறாது, மாத்திரையோடு சேர்த்து உண்பது தீங்காகும். இரண்டிலும் உள்ளது ஒரே பொருளாதலின் அளவு மிகும். உடல் கட்டின்றி ஆடும். இரத்த அழுத்தமும் தாழக்கூடும்.

இறந்த சொல்லின் எச்சம்

மருந்து வந்தவுடன் வரலாறு முடிந்துவிடவில்லை. ஆண்டுகள் பல உண்டபின் எல்-டோபாவின் பயன் ஏறியிறங்கத் தொடங்குதலும், வேண்டா அசைவுகள் தோன்றுதலும் காணப்பட்டன. எனவே மருத்துவர் மீண்டும் பழைய இடங்களை நோக்கித் திரும்பினர். 1987ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்பார், தலமஸின் புள்ளியை அழிக்காமல் விரைந்த மின்துடிப்பால் அடக்கி நடுக்கத்தை நிறுத்தினார். மின்னை நிறுத்தினால் நடுக்கம் மீளும், செலுத்தினால் அடங்கும். 1992ஆம் ஆண்டில் சுவீடனில் லைட்டினென், ஒதுக்கப்பட்டிருந்த வெளிர்கோளத்திலேயே, அதன் பிற்கீழ்ப் பகுதியிற் செய்யும் சிகிச்சை பெரும் பயன் தருமெனக் காட்டினார். இன்று மூளை மின்தூண்டலுக்குரிய இலக்குகளுள் வெளிர்கோளமும் ஒன்று. பொய்த்ததாகக் கருதப்பட்ட ‘பாலிட்’ முழுப் பொய்யன்று. அங்கே எப்புள்ளி என்பதே தெளிவாகாதிருந்தது.

ஆகவே, கெமோபாலிடெக்டமி என்னும் சொல் மறைந்தது. அது தொடங்கி வைத்த வினா மறையவில்லை. விழித்திருக்கும் நோயாளியின் கையையே சான்றாகக் கொள்ளுதல், மீளாததற்கு முன் மீளத்தக்கதைச் சோதித்தல், இறந்தபின் மூளையை ஆராய்ந்து தம் கருத்தைத் திருத்துதல் ஆகிய நெறிகள் அச்சொல்லினும் நெடுநாள் வாழ்கின்றன.

தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பாடசாலைக் கல்விக்கெனக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அறிஞர் பலர் சேர்ந்து ஆற்றிய அரும்பணி அது. பிறமொழிச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்க்கும்போது அச்சொல்லின் அறிவோடு அதன் பிழையும் உடன்வரும். ‘இரசாயன வெளிர்கோள அகற்றல்’ என ஒருவர் பெயர்த்திருப்பாராயின் மொழிபெயர்ப்புச் சரியாகவே இருந்திருக்கும், பொருள்தான் பிழைத்திருக்கும். கலைச்சொல் என்பது முடிந்த முடிபன்று. அக்காலத்து அறிவு இட்ட ஒரு கருதுகோள். சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அச்சொல் எந்த ஆண்டில், எந்தச் சான்றைக் கொண்டு எழுந்தது என்பதையும் உடன் கற்பிப்பாராயின், மாணவர் சொல்லை மனனம் செய்வதோடு நில்லாது பொருளையும் ஆராய்வர்.

மற்றொரு பாடம் மலைநாட்டுக்கு உரியது. மூளைச் சத்திரசிகிச்சையின் இந்நீண்ட வரலாறு, பெயரிடப்படாத நோயாளிக்கு எப்பயனையும் தருவதில்லை. பெரகல, ஹல்துமுல்ல, கொஸ்லந்தை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் விரலே தொழிலாளியின் வாழ்வு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் அறிந்து கிள்ளும் விரல் மந்தமுற்றால் நாட்கூலி குறையும். அம்மந்தத்தை முதுமை என்றோ, சோம்பல் என்றோ, குடியின் விளைவு என்றோ கூறி விடுதல் எளிது. ஓய்ந்திருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குதல், கால் நிலத்தில் தேய நடத்தல், முகம் பொலிவிழத்தல், குரல் தாழ்தல் ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால் அது முதுமையன்று. பதுளைப் பெரிய வைத்தியசாலைவரை சென்று காட்டத்தக்க நோய். கத்தியின்றியே, மாத்திரையால் பல ஆண்டுகள் தணிக்கத்தக்க நோயும் ஆகும்.

1817ஆம் ஆண்டில் பார்க்கின்சன் செய்தது யாது? தெருவில் நடந்து சென்றோரையும் தம்மிடம் வந்தோரையும் கூர்ந்து நோக்கி, தனித்தனியே கிடந்த குறிகளை ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்தார். அப்பெயர் பின்னர்த் திருத்தப்பட்டது. சிகிச்சைகளின் பெயர்கள் பல தோன்றி மறைந்தன. அவர் நோக்கிய நோக்கு இன்றும் வேண்டப்படுகின்றது. இலயத்து வாயிலில் அமர்ந்திருக்கும் முதியவளின் கையை ஒரு மாணவன் அந்நோக்கோடு காண்பானாயின், அவன் கற்ற கல்வி அவளுக்கும் பயன்பட்டதாகும்.